பதினைந்தாவது வரி

கல்மேட்டுப்பாளையத்து லாரி ஓட்டுநர் ஒருத்தனுக்குப் பதினான்கு குணங்கள்தான் உண்டு என்பது துளசிமணிக்கு மனப்பாடம், ஏனென்றால் பேர், தகப்பன் பேர், ரத்த வகை, லைசென்ஸ் நம்பர், கண்ணாடி போடுவானா மாட்டானா, எந்த வண்டி, எந்த லோடு என்று அந்தப் பதினான்கையும் லாரி சங்கத்துக் கம்ப்யூட்டரில் எழுதி வைத்தவளே அவள்தான். ஆகையால் ஆனி மாசத்து ஒரு திங்கட்கிழமை காலையில், எதிர்த்த கடை பாவாயக்கா கொண்டுவந்து வைத்த டீ ஆறுவதற்குள், 'ஓட்டுநர் என்கிற அச்சே, உன்னிடம் என்னென்ன இருக்கிறது, ஒவ்வொன்றாகச் சொல்' என்று அவள் ஒரு வரி தட்டிக் கேட்டு, திரையில் பதினைந்து வந்து நின்றபோது, அவள் கண்ணைக் கசக்கவுமில்லை, சாமியைக் கூப்பிடவுமில்லை. எங்கேயோ ஒன்றைக் கூடப் போட்டுவிட்டோம் போலிருக்கிறது என்று மறுபடியும் விரல் விட்டு எண்ணினாள். பதினைந்துதான். கடைசி வரியில் 'எதிர்பார்ப்போர்' என்று இருந்தது.

இந்த அச்சு என்கிற சமாச்சாரத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், மிரளாதீர்கள், வெல்லம் ஊற்றுகிற அச்சு மாதிரிதான். அடியில் டேட்டாபேஸ் என்று ஒரு பெரிய கிடங்கு, அதில் கட்டம் கட்டமாக அறுநூற்றுப் பன்னிரண்டு ஓட்டுநர்களின் விவரமும் அவர்கள் வீட்டு ஆட்களின் விவரமும் கிடக்கும். மேலே 'ஓட்டுநர்' என்று ஓர் அச்சு, 'வீட்டார்' என்று இன்னோர் அச்சு. நடுவில் லைப்ரரி என்று ஒரு ரெடிமேட் புரோகிராம் உட்கார்ந்து, இந்தக் கட்டத்தில் இருப்பது இந்த அச்சுக்கு இந்தக் குணம் என்று பொருத்திக் கொடுத்துக்கொண்டே இருக்கும். குணத்திலும் இரண்டு ரகம். ரத்த வகை மாதிரி கட்டத்திலேயே கிடப்பது ஒரு ரகம். ஓர் ஆளிலிருந்து இன்னோர் ஆளுக்கு நூல் கட்டினாற்போல ஓடுவது இன்னொரு ரகம். அது பேரளவில்தான் நிற்கும், தொட்டால்தான் அந்தப் பக்கம் போய் ஆளைக் கூட்டி வரும், தொடுகிறவரைக்கும் அந்தப் பக்கத்தில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று அதற்கே தெரியாது. 'எதிர்பார்ப்போர்' இந்த இரண்டாவது ரகம். கிடங்கில் தேடினால் அப்படி ஒரு கட்டமில்லை, துளசிமணி எழுதிய புரோகிராமில் அப்படி ஒரு வரியில்லை, அச்சைக் கேட்டால் மட்டும் இருக்கிறது என்றது.

அன்றைக்கு அவள் அதைக் கேட்டதற்கும் காரணம் இருந்தது. சங்கத்துக்குக் கோயம்புத்தூரிலிருந்து புது புரோகிராம் வரப்போகிறது, விவரத்தையெல்லாம் ஆடிப் பதினெட்டுக்குள் அதற்கு மாற்றிவிட வேண்டும், பத்து வருசமாக ஒரு லோடும் ஏற்றாதவர்களை எடுத்துவிட வேண்டும் என்று பொதுக்குழுவில் எல்லோரும் கை தூக்கியிருந்தார்கள். அப்படிப்பட்டவர்கள் ஒன்பது பேர். எட்டுப் பேர் செத்துப்போனவர்கள். ஒன்பதாவது ஆள் நல்லசிவம், துளசிமணியின் வீட்டுக்காரன். அவனை அவள் கையாலேயே எடுக்க வேண்டும்.

நல்லசிவம் பதினோரு வருசத்துக்கு முந்தி ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு சிலிகுரிக்குப் போனவன். மூட்டை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. வண்டி, சிலிகுரி தாண்டி ஒரு சாப்பாட்டுக் கடை ஓரத்தில் பூட்டினபடி கிடைத்தது, சாவி டயர் மேலே இருந்தது, ஆள்தான் இல்லை. அண்ணன்காரன் ரயிலேறிப் போய் ஆஸ்பத்திரி, போலீசு என்று பத்து நாள் அலைந்துவிட்டு, வண்டியை மட்டும் ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். துளசிமணி போகவில்லை. போகக் கூடாது. கல்மேட்டுப்பாளையத்தில் ஒரு முறை உண்டு: வண்டி கிளம்பும்போது முன் சக்கரத்தடியில் எந்தக் கை எலுமிச்சம்பழம் வைக்கிறதோ, அந்தக் கைக்காரி, போனவன் திரும்புகிற வரைக்கும் ஊரெல்லை தாண்டி ஒரு ராத்திரிகூடத் தங்கக் கூடாது, இங்கே அவள் நிலைத்திருந்தால்தான் அங்கே அவன் கை ஸ்டியரிங்கில் நிலைக்கும். வண்டிதான் திரும்பிவிட்டதே, இனி என்ன என்று சில பேர் சொல்லிப் பார்த்தார்கள். "சக்கரத்துக்கா பழம் வெச்சேன்? ஆளுக்குத்தானுங்க வெச்சேன்" என்று சொல்லிவிட்டு அவள் இருந்துவிட்டாள். கூடப் பிறந்த தங்கச்சி கல்யாணத்துக்குப் பவானிக்குப் போனவள் முகூர்த்தம் முடிந்ததும் பந்தியில்கூட உட்காராமல் பஸ் ஏறி வந்தாள். கம்ப்யூட்டர் படிப்பையும் திருச்செங்கோட்டுக்குத் தினம் போய்த் தினம் வந்தேதான் படித்தாள்.

நல்லசிவம் ஓட்டிய வண்டியை ஈரோட்டுக்காரர் ஒருவர் வாங்கிவிட்டார், ஆனால் ஹாரனை மாற்றவில்லை. எப்போதாவது அது பைபாஸில் போகும்போது மூன்று முறை இழுத்து அடிக்கும், அடுப்பில் என்ன கொதித்துக்கொண்டிருந்தாலும் துளசிமணி எழுந்து நின்றுவிடுவாள். ஒவ்வொரு லோடுக்கும் கிளம்பும்போது அவன், "ஒருக்கா கூட வா துளசி, அந்தப் பக்கம் டீத் தோட்டத்து மேல மழை எறங்கறதைக் காட்டறேன்" என்பான். "நானும் வந்துட்டா பழம் ஆரு வெக்கறதாமா?" என்பாள் இவள். ஆறு வருசம் அதே கேள்வி, அதே பதில். அந்தப் பதிலைத் திருப்பி வாங்கிக்கொள்ள முடிந்தால் என்ன வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம் என்று அவளுக்கு இருந்தது.

சரி, பதினைந்தாவது வரிக்கு வருவோம். சங்கத்துச் செயலாளர் அர்த்தநாரி, நாற்பது வருசம் வண்டி ஓட்டி இடுப்பு தேய்ந்து நாற்காலிக்கு வந்தவர், திரையைக் குனிந்து பார்த்தார்.

"வைரஸாம்மா?"

"இல்லீங்கண்ணா."

"அப்ப ஆரு எழுதினது?"

"ஆரும் எழுதலீங்க. தானா வந்திருக்குதுங்க."

"வந்ததே வந்துச்சு, தொட்டுத்தான் பாரேன்."

நாக்பூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்த மாரப்பனின் பக்கத்தைத் திறந்து அந்த வரியைத் தொட்டாள். மூன்று பேர்கள் வந்தன: அவன் அம்மா நல்லம்மாள், சம்சாரம் கலாமணி, மூன்றாவதாகக் கருப்பி. கருப்பி என்பது மாரப்பன் வளர்க்கிற வெள்ளாடு. அர்த்தநாரி வெகுநேரம் யோசித்துவிட்டு, "ஆடெல்லாம் எப்பம்மா நம்ம சங்கத்துல சேந்துச்சு?" என்று கேட்டார். அவருக்கு அது ஒன்றுதான் உறுத்தியது.

பாவாயக்காவின் காதில் ஒரு சேதி விழுந்தால் தண்டோரா போட்ட மாதிரிதான். மத்தியானத்துக்குள் சங்கத்து வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. பார்த்தவர்கள் சந்தோசமாகப் போனார்கள், பார்க்காதவர்கள் நாளைக்கு வருகிறோம் என்று போனார்கள், நாக்பூரிலிருந்தும் இந்தூரிலிருந்தும் ஓட்டுநர்கள் போன் போட்டு, "அக்கா, என்னுதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கக்கா, எங்கூட்டுக்காரி பேரு மேல இருக்குதா, கீழ இருக்குதா?" என்று கேட்டார்கள். ஒரு வாரத்தில் அதற்கு ஒரு ஒழுங்கும் ஏற்பட்டுவிட்டது: செவ்வாயும் வெள்ளியும் பெண்கள், மற்ற நாள் ஆண்கள், அமாவாசையன்று தொடுவதில்லை, அடுத்த வீட்டு ஆள் பக்கத்தை எட்டிப் பார்ப்பதில்லை. யாரோ மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள், வேறு யாரோ அதன் மேல் செவ்வரளிச் சரம் போட்டார்கள், சரம் திரையில் விழுந்து பேரை மறைத்ததால் அர்த்தநாரி சத்தம் போட்டு எடுக்கச் சொன்னார். மழை பெய்தால் நனைகிறோம், வெயிலடித்தால் காய்கிறோம், அது மாதிரி ஊர் அதற்குப் பழகிவிட்டது.

பழகப் பழக அதன் நடத்தையும் தெரிந்தது. ஒரு புதன்கிழமை, மாரப்பன் பக்கத்தைக் கலாமணி பார்த்துக்கொண்டிருக்கும்போதே நல்லம்மாள் பேர் காணாமல் போனது. என்ன ஏது என்று கேட்பதற்குள் தெருவிலிருந்து ஆள் ஓடி வந்து, கிழவி தண்ணி கேட்டாள், கொடுப்பதற்குள் போய்விட்டாள் என்றான். செத்தவர்கள் எதிர்பார்க்க மாட்டார்கள் என்று ஊர் தெரிந்துகொண்டது. இன்னொருத்தி, உயிரோடு குத்துக்கல்லாட்டம் நிற்கிறாள், அவள் பேர் புருசன் பக்கத்திலிருந்து போய்விட்டது. பக்கத்திலிருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவள் மட்டும், "ஆமா, உட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள்.

நடிப்பும் அதனிடம் செல்லாது. சடையப்பன் என்று ஓர் ஓட்டுநர், முப்பத்தைந்து வயசு, அப்பன் ஆத்தாள் இல்லை, கல்யாணமில்லை, வண்டியிலேயே தூங்கி வண்டியிலேயே எழுகிறவன். அவன் பக்கத்தைத் தொட்டால் வெறுமையாக வந்தது. பாவாயக்காவுக்குப் பொறுக்கவில்லை. "நம்மூரு ஆளு ஒருத்தன் எதிர்பார்க்க நாதியில்லாம ரோட்டுல சுத்தறதா? த்தூ, கேவலம்" என்று சொல்லி, தெருவில் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, நாளைக்கு ஒருத்தி என்று முறை வைத்து அவனை எதிர்பார்க்க ஆரம்பித்தாள். இரண்டு வாரம் எதிர்பார்த்தும் ஒரு பேரும் விழவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று சொன்னவன் வரவில்லை. பாவாயக்கா களி கிண்டி, கொள்ளுப் பருப்புக் கடைந்து, நாலு முறை ரோட்டுக்கு வந்து பார்த்து, "நாசமாப் போறவன், சொன்ன சொல்லு காக்கத் தெரியுதா பாரு, ஆறி அவலாப் போச்சு" என்று திட்டிக்கொண்டே களியை மூடி வைத்தாள். அவன் ஹூப்ளியில் டயர் வெடித்து நின்றுகொண்டிருந்தான். திங்கட்கிழமை அவன் பக்கத்தில் பாவாயக்கா பேர் இருந்தது.

இத்தனை பேருக்குத் தொட்டுக் காட்டிய துளசிமணி, நல்லசிவத்தின் பக்கத்தை மட்டும் திறக்காமலே இருந்தாள். ஊருக்கும் அது தெரியும், ஒருத்தரும் வாயைத் திறந்து கேட்கவில்லை. பயம் வேறொன்றுமில்லை. பதினோரு வருசமாகிவிட்டது, நாம் இன்னும் எதிர்பார்க்கிறோமா, இல்லை எதிர்பார்த்துப் பழகிவிட்டோமா என்று அவளுக்கே நிச்சயமில்லை. கடைசியில் ஒரு நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தொட்டாள். துளசிமணி என்று ஒரே பேர், தனியாக வந்து நின்றது. ஒரு நிமிசம் நெஞ்சு குளிர்ந்தது, மறு நிமிசம் ஆத்திரம் வந்தது. இது எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரிய வேண்டியது அந்தப் பக்கத்துச் சேதியல்லவா?

மறுநாள் ஊர் வருவதற்கு முந்தி, ஏழரை மணிக்கே போய்ப் பூட்டைத் திறந்து, யாரும் பார்ப்பதற்குள் கேட்டுவிட வேண்டுமென்று மெஷினைப் போட்டதும் போடாததுமாக, 'வீட்டார் என்கிற அச்சே, உன்னிடம் என்னென்ன இருக்கிறது' என்று கேட்டாள். ஒன்பது குணங்கள் வந்தன. ஒன்பதும் அவள் எழுதியவை. பத்தாவது வரி இல்லை. போனவர்களை வீட்டிலிருப்பவர்கள் எதிர்பார்ப்பார்கள், வீட்டிலிருப்பவர்களைப் போனவர்கள் எதிர்பார்ப்பதில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஆடி வந்தது. பதினாறாம் தேதி, இன்னும் இரண்டே நாள், எட்டுப் பேரை எடுத்தாயிற்று. ஒன்பதாவது பேரை அர்த்தநாரி கேட்கவுமில்லை, அவள் சொல்லவுமில்லை. பதினோரு மணிவாக்கில் சடையப்பன் வந்தான், லோடு இறக்கிக் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு, தன் பக்கத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றான். திறந்து காட்டினாள். பாவாயி என்கிற பேரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத் துளசிமணியின் பக்கம் திரும்பினான்.

"ஏனக்கா, அவிங்க என்னைய எதிர்பார்த்தது இங்க இருக்குது. நான் ஹூப்ளியில நடு ரோட்டுல நின்னுக்கிட்டு, அடடா, அந்தக்கா சோத்தை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்குமே, எப்படா போய்ச் சேருவம்னு தவிச்சது எங்கீங்க இருக்குது?"

"வூட்டாரு பக்கம் அப்படி ஒண்ணும் இல்ல சடையா. நான் பாத்துட்டேன்."

"இன்னொருக்காப் பாருங்கக்கா. நான் தவிச்சது நெசம்."

அவன் மனசு நோகக் கூடாதே என்றுதான் வீட்டார் அச்சை மறுபடியும் கேட்டாள். பத்து வந்தது. பத்தாவது வரியில் 'எதிர்பார்ப்போர்' என்று இருந்தது.

துளசிமணி தலையில் அடித்துக்கொண்டாள். அச்சுகள் கூப்பிட்டால்தான் எழுந்து வரும், இரண்டும் எழுந்து வந்த பிறகுதான் ஒன்றுக்கும் மற்றதுக்கும் முடிச்சு விழும். இது அவளுக்குத் தெரியாததா? ஒருத்தர் உங்களுக்குச் சம்பந்தியானால் நீங்களும் அவருக்குச் சம்பந்திதான், ஆனால் இரண்டு வீடும் பந்தலுக்கு வந்து சேர வேண்டாமா? யார் பக்கத்தையும் திறக்காமல், யாரும் வருவதற்கு முந்தி, களவாணி மாதிரி வந்து வீட்டாரை மட்டும் தனியாக எழுப்பிக் கேட்டால் அரைப் பந்தலைத்தான் காட்டும். இன்றைக்குச் சடையப்பனின் பக்கம் முதலிலேயே திறந்திருந்ததால் ஓட்டுநரும் எழுந்து நின்றது. அரைப் பந்தலைப் பார்த்துவிட்டு ஒரு மாசம் உள்ளுக்குள்ளே செத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

பாவாயக்காவின் பக்கத்தைத் தொட்டாள்: சடையப்பன். அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். டீ கொண்டுவந்த பாவாயக்கா, "ஏண்டா அழுவற, செத்தா போயிட்டேன்?" என்றாள். பிறகு திரையையும் துளசிமணியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்தாள். "உன்னுதைத் தொடு புள்ள."

அர்த்தநாரி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தொட்டால் என்ன வரும் என்பது எல்லோருக்கும் தெரியும்: செத்தவர்கள் எதிர்பார்க்க மாட்டார்கள், விட்டவர்களும் எதிர்பார்க்க மாட்டார்கள். வெறுமையாக வந்தால் நாளை மறுநாள் ஒன்பதாவது பேரையும் எடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்க் குளிக்க வேண்டியதுதான். தொடாமலே இருந்துவிட்டால் என்ன என்று அவள் விரல் கேட்டது. தொடாத நூலில் எல்லோரும் இருக்கலாம், அதில் அவன் எத்தனை வருசம் வேண்டுமானாலும் இருக்கலாம்.

தொட்டாள். நல்லசிவம் என்று வந்தது.

"இருக்கறான் புள்ள!" என்று பாவாயக்கா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "உசுரோட இருக்கறான்! உன்னைய எதிர்பார்த்துக்கிட்டு இருக்கறான்!"

துளசிமணி அழுதாள், வெட்கமில்லாமல், மூக்கை முந்தானையில் சிந்திக்கொண்டு அழுதாள். எங்கே இருக்கிறான், எப்படி இருக்கிறான், ஏன் வரவில்லை, ஒன்றும் அதில் இல்லை, அந்தக் கட்டங்களெல்லாம் பழையபடி காலியாகவே கிடந்தன. அழுது முடித்துவிட்டு ஒரேயடியாக எழுந்து நின்றாள்.

"அவரு அங்க என்னைய எதிர்பார்த்துக்கிட்டு இருக்கறாரு, நான் இங்க அவரை எதிர்பார்த்துக்கிட்டு இருக்கறேன். இப்படியே இருந்தா ரெண்டு பேருக்கும் காடு சேர்ற வரைக்கும் இதே பொழப்புத்தானுங்களா? ஆராச்சும் ஒருத்தரு எந்திரிச்சு நடக்கோணுமில்லீங்க."

"பழம் வெச்ச கையாச்சேம்மா..." என்று அர்த்தநாரி இழுத்தார்.

"அவரு கூப்பிட்டப்பவே போயிருக்கோணுமுங்கண்ணா. ஆறு வருசம் கூப்பிட்டாரு."

அர்த்தநாரி தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார். பிறகு கோயம்புத்தூருக்குப் போன் போட்டு, புது புரோகிராம் இப்போதைக்கு வேண்டாம், எங்கள் ஆள் ஒருத்தர் வர வேண்டியிருக்கிறது, வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்.

ஆடிப் பதினெட்டு காலையில் ஊர் காவேரிக்குக் கிளம்புகிற நேரத்தில், சடையப்பனின் வண்டி ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு சிலிகுரிக்குக் கிளம்பியது. துளசிமணி ஒரு துணிப் பையோடும் நல்லசிவத்தின் போட்டோவோடும் ஏறி உட்கார்ந்தாள். அத்தனை உயரத்திலிருந்து அவள் தன் ஊரைப் பார்த்ததே இல்லை. முன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தது பாவாயக்கா. வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தவள், "கேட்டுக்க, பொரட்டாசியில பழனிக்குப் போலாம்னு இருந்தேன். இனி நீ வர்ற வரைக்கும் நான் ஊரைத் தாண்ட முடியாது. வெரசா வந்து சேரு" என்றாள். பழம் நசுங்கியது, வண்டி போனது.

எட்டாம் நாள் வெள்ளிக்கிழமை, சங்கத்தில் பெண்கள் கூட்டம். துளசிமணி காலண்டர் அட்டைக்குப் பின்னால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனதைப் பார்த்துப் பார்த்து அர்த்தநாரி ஒற்றை விரலால் தட்டினார். முதலில் ஓட்டுநர், பிறகு வீட்டார், இரண்டையும் எழுப்ப மறக்காதீர்கள் என்று அதில் அடிக்கோடு போட்டிருந்தாள். அவளுடைய பக்கத்தைத் தொட்டதும் பேர்கள் வந்தன, வந்தன, வந்துகொண்டே இருந்தன: நல்லசிவம் முதலில், அப்புறம் பாவாயி, கலாமணி, விட்டுட்டேன் என்று சொல்லிப் போனவள், கருப்பி, அர்த்தநாரி. தன் பேர் வந்ததும் அவர் இருமிக்கொண்டே பக்கத்தைச் சட்டென்று மேலே தள்ளினார்.

"அவன் பக்கத்தையும் பாத்துடுங்க, துளசி கூட்டமில்லாம தனியா நின்னுக்கிட்டிருப்பா" என்று பாவாயக்கா சொன்னாள்.

நல்லசிவத்தின் பக்கத்தைத் திறந்து தொட்டார். வெறுமையாக இருந்தது. பதினோரு வருசமாக எதிர்பார்த்தவளின் ஒற்றைப் பேர் அதில் இல்லை.

பேர் போனால் என்ன அர்த்தம் என்று அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். நாலு நாளாக வடக்கே மழை, ரோடெல்லாம் வெள்ளம் என்று டி.வி.யில் வேறு சொல்லிக்கொண்டிருந்தான். அர்த்தநாரி போனை எடுத்தார், அவசரத்தில் நம்பர் இரண்டு முறை தப்பிப் போனது. மூன்றாம் முறை மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, பிறகு இஞ்சின் இரைச்சலும் மழைச் சத்தமும் ஒன்றாக வந்தன.

"அண்ணா? கேக்குதுங்களா? சிலிகுரி தாண்டிட்டமுங்க. டீத் தோட்டம் வந்துருச்சுங்க, மழை எறங்குதுங்கண்ணா, அவரு சொன்னாப்பலயே எறங்குதுங்க."

அர்த்தநாரி பாவாயக்காவின் பக்கம் திரும்பினார். போனை நீட்டியபடி திரையைக் காட்டினார், "உசுரோடதான் இருக்கறா... அப்பறம் ஏன் பேரு போச்சு? இவளும் உட்டுட்டாளா?"

பாவாயக்கா திரையைப் பார்த்தாள், போனுக்குள் பெய்கிற மழையைக் கேட்டாள்.

"எதிர்பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கறவங்க பேருதானுங்க அதுல நிக்கும்" என்றாள். "அவ போய்க்கிட்டிருக்கறாளே."